தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி

நியூயார்க்கில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் இருக்கிற பெற்றோர் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே தனியார் பள்ளிகள் பக்கம் போய்விடும். அதில் ஃபீல்ட்ஸ்டன் பெயர் கட்டாயம் வரும். முழுப்பெயர் எதிகல் கல்ச்சர் ஃபீல்ட்ஸ்டன் பள்ளி. விடுதி கிடையாது, காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற பள்ளிதான். மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கு மேல். அங்கே படித்தவர்கள் நல்ல பல்கலைக்கழகங்களுக்குப் போவார்கள் என்பதை யாரும் தனியாக எடுத்துச் சொல்வதுகூட இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதுபோலப் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும்.

இந்தப் பள்ளியின் முதல் பெயர் வொர்க்கிங்மேன்ஸ் ஸ்கூல். தொழிலாளியின் பள்ளி. 1878-ல் ஏழைக் குழந்தைகளுக்கான இலவச மழலையர் வகுப்பாகத் தொடங்கி, 1880-ல் அந்தப் பெயரில் பள்ளியானது. மேற்கு 54-ஆம் தெருவில் நடந்தது. காசு வாங்கவில்லை. நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்த கூலிக்காரர்களின் பிள்ளைகள்தான் வந்தார்கள்.

ஒரு பைசா வாங்காத பள்ளி 60,000 டாலர் பள்ளியானது எப்படி? கொஞ்ச காலமாகவே இந்தக் கேள்வி என்னை விடவில்லை. யாரோ ஒருவர் குறுக்கே புகுந்து கெடுத்துவிட்டார் என்று கதை இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். படிக்கப் படிக்க அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நியாயமான காரணம் இருந்திருக்கிறது. நல்லவர்கள் யோசித்து எடுத்த முடிவுகள்தான். அதனாலேயே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஃபீலிக்ஸ் அட்லர் 1851-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆறு வயதில் நியூயார்க் வந்தார். அப்பா சாமுவேல் அட்லர், நகரத்தின் வசதியான யூதர்கள் கூடும் எமானு-எல் ஆலயத்தின் ராபை, அதாவது யூத மதகுரு. மகனும் அதே பீடத்தில் உட்காருவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய மகன் 1873-ல் அந்த ஆலயத்தில் ஒரு சொற்பொழிவு செய்தார். அதில் கடவுள் பெயரே வரவில்லை. அத்தோடு அந்த எதிர்பார்ப்பு முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1876-ல், எதிகல் கல்ச்சர், அதாவது அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். எந்த மதத்தை நம்புகிறாய் என்று கேட்காமல், என்ன செய்கிறாய் என்று கேட்கும் சங்கம். தொடங்கிய வேகத்தில் அவர்கள் செய்த வேலைகளைப் பாருங்கள்: ஏழைகள் வீட்டுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் ஏற்பாடு, நெரிசல் குடியிருப்புகளைச் சீர்திருத்தும் முயற்சி, அப்புறம் இந்த மழலையர் வகுப்பு.

ஒரு சின்னத் தகவல் இடையில். அட்லரின் வட்டத்தைச் சேர்ந்த வில்லியம் சால்டர் சிகாகோவில் இதே சங்கத்தை நடத்தியவர். அறநெறி பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி 1907-ல் சுருக்கி, குஜராத்தியில் தன் பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். இந்தப் பள்ளியைப் பெற்றெடுத்த சிந்தனை அந்த அளவுக்குத் தூரம் போயிருக்கிறது.

சரி, பள்ளிக்கு வருவோம். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தியவர்கள் அந்தக் காலத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். எழுத்து, கணக்கு, ஒழுக்கம், கூடவே ஒரு கைத்தொழில் என்று கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அட்லர் பள்ளியிலும் பட்டறை இருந்தது. மரம், களிமண், அட்டை, உளி, அளவுகோல் எல்லாம் இருந்தன. ஆனால் தச்சனின் மகனைத் தச்சனாக்குவது அவர் நோக்கம் கிடையாது. கையால் ஒன்றைச் செய்யும்போது மூளை வேறுவிதமாக வேலை செய்கிறது, அது எல்லாப் பிள்ளைக்கும் தேவை என்பது அவர் கட்சி. மரத்தை அளந்து அறுக்கிற பிள்ளைக்கு வடிவியல் புரியும், களிமண்ணைப் பிசைகிற பிள்ளைக்குப் பார்க்கத் தெரியும். கூலிக்காரர் மகனுக்கும் மகளுக்கும் ஓவியம், இயற்கை, இசை, கைவேலை, சிந்தனை என்று முழுப் படிப்பையும் கொடுத்தார்கள். ஏழைக்கு இது போதும் என்ற கணக்கே அந்தப் பள்ளியில் இல்லை. இதன் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். இலவசம் என்பதைவிட, இலவசமாகக் கொடுத்ததில் தரத்தைக் குறைக்காததுதான் பெரிய விஷயம்.

தரத்தைக் குறைக்காததால்தான் சிக்கலும் வந்தது. இவ்வளவு நல்ல பள்ளி ஏழைகளுக்கு மட்டுமா என்று, நன்கொடை கொடுத்துவந்த வசதியான குடும்பங்களுக்கே ஆசை வந்துவிட்டது. அவர்கள் ஆசைக்குப் பின்னால் ஒரு காயமும் இருந்தது. சங்கத்தின் முதல் தலைவர் ஜோசப் செலிக்மன் நாட்டின் பெரிய வங்கியாளர்களில் ஒருவர். உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க அரசுக்காக ஐரோப்பாவில் கடன்பத்திரங்கள் விற்றுக்கொடுத்தவர். 1877-ல் அவர் சாரட்டோகா ஊரின் கிராண்ட் யூனியன் ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போனபோது, யூதர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்த நிலைமை. நகரத்தின் பழைய பணக்காரர்களின் பள்ளிகள் பலவும் யூதப் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது. மதம் கேட்காத ஒரு நல்ல பள்ளி பக்கத்திலேயே இருக்கும்போது, அந்தப் பெற்றோர்கள் அதன் கதவைத் தட்டியதில் என்ன தப்பு சொல்ல முடியும்?

பள்ளிக்கும் பணம் தேவைப்பட்டது. இலவசப் பள்ளியை நன்கொடையில் மட்டும் எத்தனை காலம் ஓட்டுவது? 1890-ல் கட்டணம் செலுத்தும் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் இரண்டு பேருக்கும் நல்லது என்று அட்லர் உண்மையாகவே நம்பினார். 1895-ல் பெயர் மாறியது. தொழிலாளியின் பள்ளி, எதிகல் கல்ச்சர் ஸ்கூல் ஆனது. 1904-ல் சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலையில், 63-ஆம் தெரு முனையில், பூங்காவைப் பார்த்தபடி புதுக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள். இன்றும் அந்தக் கட்டடத்தில் சின்ன வகுப்புகள் நடக்கின்றன. காலை எட்டு மணிவாக்கில் அந்தப் பக்கம் போனால், பாதிப் பிள்ளைகள் பெற்றோர் கையைப் பிடித்தும் பாதிப் பிள்ளைகள் ஆயாக்கள் கையைப் பிடித்தும் உள்ளே போவதைப் பார்க்கலாம். அந்த ஆயாக்களில் பலர் கரீபியன் தீவுகளிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள். 1880-ல் இருந்த அந்தப் பள்ளி இன்று இருந்திருந்தால் அவர்கள் பிள்ளைகளைத்தான் தேடிப் போயிருக்கும் என்ற நினைப்பு எனக்கு அங்கே ஒவ்வொரு முறையும் வரும்.

அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஃபிராங்க் மேனி. அவர் 1901-ல் விஸ்கான்சினிலிருந்து தனக்குத் தெரிந்த ஓர் இளைஞரை ஆசிரியராக அழைத்துவந்தார். பெயர் லூயிஸ் ஹைன். அப்பா விபத்தில் இறந்ததால் பதின்வயதிலேயே வேலைக்குப் போனவர். நாற்காலி, சோபா தயாரிக்கும் தொழிற்சாலையில் தினம் 13 மணி நேரம், வாரம் 4 டாலர் கூலி. அப்படி வளர்ந்த ஒருவர் வங்கியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடமும் புவியியலும் நடத்தினார்.

மேனிக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளி நிகழ்வுகளைப் பதிவு செய்ய ஒரு கேமரா வாங்கி ஹைன் கையில் கொடுத்தார். அதுவரை ஹைன் கேமராவைத் தொட்டதே கிடையாது. கொஞ்சம் பழகியதும், எல்லிஸ் தீவுக்குப் போய்ப் படம் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏழைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த இடம் அது. அவர்களைக் குப்பை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் பிளிமத் கரையில் வந்து இறங்கியவர்களை எந்த மரியாதையோடு பாடப்புத்தகத்தில் படிக்கிறார்களோ, அதே மரியாதையோடு நம் பிள்ளைகள் இவர்களையும் பார்க்க வேண்டும் என்பதுதான் மேனியின் எண்ணம். ஒரு பள்ளி தன் மாணவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. நூறு ஆண்டு கழித்து இன்றைக்கும் எத்தனை பள்ளிகளுக்கு இந்த யோசனை வரும் என்று தெரியவில்லை.

1904-ல் எல்லிஸ் தீவில் படம் எடுப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெட்டி போன்ற கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மக்னீசியப் பொடி. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, மூட்டை முடிச்சுகளோடு நகரும் கூட்டத்துக்கு நடுவே இடம் பிடிக்க வேண்டும். எதிரே நிற்கும் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது, இவருக்கு அவள் மொழி தெரியாது. கையைக் காலை ஆட்டித்தான் நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். குவியத்தைச் சரிசெய்து, தகட்டைச் செருகி, தட்டில் பொடியைக் கொட்டி நிமிர்வதற்குள் யாராவது குறுக்கே போய்விடுவார்கள். பொடி தீப்பிடித்து வெடிக்கும்போது கண்ணைக் கூசும் வெளிச்சம், தொடர்ந்து அறை முழுக்கப் புகை. எல்லாருக்கும் கண் அடைத்துப்போகும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அப்படி எடுத்த படங்களில் அந்த முகங்கள் எவ்வளவு நிதானமாக இருக்கின்றன! தலையில் முக்காடிட்ட ஒரு தாய், மடியில் குழந்தை, பக்கத்தில் இன்னொன்று. பரிதாபம் தேடாத முகம்.

பள்ளியில் அவர் நடத்திய கேமரா வகுப்பில் பால் ஸ்டிராண்ட் என்ற மாணவன் இருந்தான். ஒருநாள் ஹைன் மாணவர்களை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் புகைப்படக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கே தன் தொழில் எது என்று அந்தப் பையன் முடிவு செய்துவிட்டான். இருபதாம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவரானான்.

ஹைன் 1908-ல் ஆசிரியர் வேலையை விட்டார். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்கு முழுநேரப் புகைப்படக்காரராகப் போனார். அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே ஃபீலிக்ஸ் அட்லர்தான். பள்ளியில் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த அதே காலத்தில், அந்தப் பள்ளியின் நிறுவனரும் அங்கே கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட ஆசிரியரும் சேர்ந்து நாடு முழுக்க ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். கரோலினா மாநிலங்களின் நூற்பாலைகள், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள், மீன் டப்பா அடைக்கும் கொட்டகைகள். முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள். அதனால் பைபிள் விற்பவர், தபால் அட்டை விற்பவர், இயந்திரத்தைப் படம் எடுக்க வந்தவர் என்று ஏதாவது சொல்லித்தான் நுழைய வேண்டும். தன் கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பே அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்ப்பார். பைக்குள் கையை விட்டபடியே யாருக்கும் தெரியாமல் உயரத்தையும் வயதையும் தாளில் குறித்துக்கொள்வார்.

1908 நவம்பரில் தென் கரோலினாவின் லங்காஸ்டர் நூற்பாலையில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. சேடி என்ற சிறுமி. உயரம் 48 அங்குலம். அரை ஆண்டாக வேலை பார்க்கிறாள் என்று ஹைன் குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாக ஓடுகின்றன, இன்னொரு பக்கம் சன்னல்கள். நடுவில் அந்தப் பிள்ளை இயந்திரத்தில் கை வைத்து நிற்கிறாள். நான் கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்தவன். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து, என் வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் சிலர் நாலாம் வகுப்புக்கு வரவில்லை. சேடியின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்த முகங்கள்தான் தெரிந்தன. இந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று தேடித்தான் நான் இந்தப் பள்ளியின் கதைக்குள்ளேயே வந்தேன்.

ஹைன் அந்தக் குழுவுக்காக எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1916-ல் குழந்தைத் தொழிலுக்கு எதிராக முதல் மத்தியச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நிலைத்து நின்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. ஹைன் 1940-ல் வறுமையில் இறந்தார், கடைசியில் வீடுகூடக் கடனில் போய்விட்டது. இந்தப் பள்ளி உலகத்துக்குக் கொடுத்த ஆட்களில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால் இவரைத்தான் சொல்வேன்.

உலகம் வேறு பெயரைச் சொல்லும். 1911-ல் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். அப்பா ஜூலியஸ் ஜெர்மனியிலிருந்து வந்து, கோட்டுத் துணி இறக்குமதியில் பெரும் பணம் சம்பாதித்தவர், எதிகல் கல்ச்சர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். அவர் திருமணத்தை நடத்திவைத்ததே அட்லர்தான். ரிவர்சைடு டிரைவில் வீடு, சுவரில் வான்கோ ஓவியம். பையன் பெயர் ராபர்ட் ஓப்பன்ஹைமர். தொழிலாளியின் பள்ளி முப்பதே ஆண்டில் எங்கே வந்து நின்றது என்பதற்கு இந்தச் சேர்க்கை ஒன்றே போதும்.

அந்தப் பள்ளி அவனுக்கு நல்ல பள்ளியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்பியலும் வேதியியலும் நடத்திய அகஸ்டஸ் கிளாக், இந்தப் பையனுக்காக ஒரு கோடை விடுமுறையையே ஒதுக்கினார். இரண்டு பேருமாக ஆய்வகக் கருவிகளைச் சேர்த்தார்கள், ஓய்வு கிடைத்தால் கனிமம் பொறுக்கப் போனார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் ஓப்பன்ஹைமர் அவரை நெகிழ்ந்து நினைவுகூர்ந்தார். அறிவியலில் ஒன்றைக் கண்டுபிடிப்பது நேர்க்கோட்டில் நடப்பதில்லை, மேடும் பள்ளமுமாகத்தான் போகும். அந்தப் பாதையையே நேசித்தவர் கிளாக் என்பது அவர் நினைவு. அறநெறி வகுப்பில் ஜான் லவ்ஜாய் எலியட் கறுப்பின மக்களின் நிலை, போரும் அமைதியும், பொருளாதார ஏற்றத்தாழ்வு என்று பதின்வயதுப் பிள்ளைகளோடு விவாதித்தார். 1921-ல் பள்ளி முடித்த பையன் நோய்வாய்ப்பட்டு ஓராண்டு வீட்டில் கிடந்தபோது, உடம்பு தேறட்டும் என்று அவனை நியூ மெக்சிகோவுக்கு அழைத்துப்போனவர் ஆங்கில ஆசிரியர் ஹெர்பர்ட் ஸ்மித். அங்கேதான் அவன் குதிரை ஏறப் பழகினான், அந்த மலைகளிடம் மனதைப் பறிகொடுத்தான். இருபது ஆண்டு கழித்து அணுகுண்டு ஆய்வகத்துக்கு இடம் தேடியபோது ஓப்பன்ஹைமர் காட்டிய திசையும் அதுதான். லாஸ் அலமோஸில் அதற்காக அரசு எடுத்துக்கொண்ட இடம்கூட ஒரு தனியார் பள்ளிதான், பையன்களுக்கான விடுதிப் பள்ளி.

ஓர் ஆசிரியர் ஒரு மாணவனோடு தன் கோடை விடுமுறையைக் கழிக்கிறார், இன்னொருவர் நாட்டின் மறுகோடிவரை கூடவே போகிறார். இந்த அக்கறை எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தால் எப்படி இருக்கும்! வொர்க்கிங்மேன்ஸ் ஸ்கூல் தொடங்கியபோது அட்லர் கண்ட கனவு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1928-ல் உயர்நிலை வகுப்புகள் பிராங்க்ஸின் ரிவர்டேல் பகுதியில் ஃபீல்ட்ஸ்டன் என்ற இடத்துக்கு மாறின. மரங்கள், கருங்கல் கட்டடங்கள், விளையாட்டுத் திடல், சுற்றிலும் பெரிய வீடுகள். கட்டணமும் அப்படியே ஏறியது. அட்லர் 1933-ல் இறந்தார். பிறகு வந்த பத்தாண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நகரத்தின் மற்ற பெரிய தனியார் பள்ளிகளோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படும் பள்ளியானது. 1990-களில் சங்கத்திலிருந்து சட்டப்படி தனியாகவும் பிரிந்துவிட்டது.

ஒன்றே ஒன்று குறிப்பிடத்தக்கது. 2000-களின் தொடக்கத்தில், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும், கல்லூரிச் சேர்க்கைக்கு அவசியம் என்று எல்லாரும் நம்பிய ஏபி வகுப்புகளை இந்தப் பள்ளி கைவிட்டது. தேர்வுக்காகப் பாடம் நடத்தினால் ஆழமாகப் போக முடிவதில்லை என்பது காரணம். பெற்றோர்கள் பயந்தார்கள். பல்கலைக்கழகங்கள் பிள்ளைகளை வழக்கம்போலவே சேர்த்துக்கொண்டன. நல்ல முடிவுதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயர் உறுதியாக நிலைத்துவிட்ட பள்ளியால்தான் அப்படித் துணிய முடியும். என் மகள் படிக்கும் குவீன்ஸ் அரசுப் பள்ளியில் ஏபி மதிப்பெண்ணை நம்பித்தான் பிள்ளைகள் கல்லூரிக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கிறார்கள். அவர்களிடம் போய் ஆழம் முக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஃபீல்ட்ஸ்டனுக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் ஒன்றாம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம், 242-ஆம் தெருவில் இறங்க வேண்டும். தூண்களுக்கு மேலே நிற்கும் பழைய நிலையம், எதிரே வான் கோர்ட்லாண்ட் பூங்கா. அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும். நல்ல செங்குத்து. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்கும். காலையில் அந்த ஏற்றத்தில் நடக்கிற பிள்ளைகளை ஒட்டியே கார்கள் வரிசையாக மேலே போகும்.

1960-களின் நடுவில் அந்த மேட்டில் ஏறிய மாணவர்களில் ஒருவர் கில் ஸ்காட்-ஹெரன். பிற்காலத்தில் கவிஞராகவும் இசைக் கலைஞராகவும் புகழ்பெற்றவர். டென்னசியில் பாட்டியிடம் வளர்ந்து, பிறகு அம்மாவோடு பிராங்க்ஸ் வந்த கறுப்பினச் சிறுவன். அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுத்தைப் பார்த்த ஆசிரியை ஒருவர் அதை ஃபீல்ட்ஸ்டனில் காட்டினார், முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. சேர்க்கைக்கான நேர்காணலில் கேட்ட ஒரு கேள்வியை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். நீ ரயிலில் இறங்கி மேட்டில் நடந்து வரும்போது உன் வகுப்புத் தோழன் லிமோசின் காரில் உன்னைக் கடந்து போனால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார்களாம். உங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான், உங்களாலும் லிமோசின் வாங்க முடியாதே, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாராம்.

இந்தப் பதிலை நிறையப் பேர் ரசித்து எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் உறுத்துகிறது. கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். பையன் தாங்குவானா என்ற கவலைதான். ஆனால் நடந்து வருகிற பிள்ளையிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். காரில் வருகிற பிள்ளையின் நேர்காணலில், உன் தோழன் மேட்டில் நடந்து வருவதைச் சன்னல் வழியாகப் பார்த்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருப்பார்களா? 1880-ல் அந்தப் பள்ளி ஏழைப் பிள்ளையின் பள்ளி. 1965 வாக்கில் அதே பள்ளியில் அவன் விருந்தாளி. தான் அங்கே பொருந்துவேன் என்று அவன்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

விருந்தாளியாக இருக்கச் சம்மதிக்காத பிள்ளைகளும் வந்தார்கள். 1970-ல் கறுப்பின மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். 2019 மார்ச்சில், சில மாணவர்கள் இனவெறிச் சொற்கள் பேசும் காணொளி ஒன்று வெளிவந்ததும், மறுபடியும் மாணவர்கள் கட்டடத்துக்குள் அமர்ந்து, இரவும் அங்கேயே தங்கிக் கோரிக்கை வைத்தார்கள். நிர்வாகம் பேச்சு நடத்தி ஒப்புக்கொண்டது. அறநெறிப் பாடம் இன்றும் அங்கே கட்டாயம். அந்தப் பாடத்தை மனதில் வாங்கியவர்கள்தான் தரையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். பாடத்திட்டத்தை எழுதிய பெரியவர்கள் எதிர்பார்த்த விளைவு அதுவாக இல்லாமல் இருக்கலாம்.

உதவித்தொகைக்கு இந்தப் பள்ளி ஒவ்வோர் ஆண்டும் பெரும் தொகை ஒதுக்குகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது எத்தனையோ குடும்பங்களின் நிலையை மாற்றியிருக்கிறது. ஆனால் இலவசப் பள்ளியும் உதவித்தொகையும் ஒன்றாகிவிடாது. இலவசப் பள்ளியில் கதவு திறந்திருக்கும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். உதவித்தொகைக்கு வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவு எல்லாவற்றையும் விரித்து வைத்து விண்ணப்பிக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களில் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்வாகிறவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருப்பார்கள். அட்லர் சேர்த்தது கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து அல்ல, அந்தத் தெருக்களில் இருந்த பிள்ளைகளை.

1890-ல் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நிறைய யோசித்துவிட்டேன். கட்டணம் வாங்காமல் இருந்திருந்தால் பள்ளி மூடப்பட்டிருக்கலாம். அப்படி மூடப்பட்ட இலவசப் பள்ளிகளின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. ஹைன் கையில் கேமரா வந்திருக்காது, சேடியின் படம் கிடைத்திருக்காது. கட்டணம் வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. பாதிப் பிள்ளைகளாவது இலவசமாகப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒரு கணக்கை எழுதி, யாராலும் மாற்ற முடியாதபடி பள்ளியின் விதிகளில் பூட்டி வைத்திருக்கலாம். அது நடக்கவில்லை. நல்ல எண்ணத்தை நம்பினார்கள். ஒவ்வோர் ஆண்டும் செலவு கொஞ்சம் ஏறியிருக்கும், அதற்கேற்பக் கட்டணம் கட்டுபவர்கள் கொஞ்சம் கூடியிருப்பார்கள். எந்த ஆண்டில் தொழிலாளியின் பிள்ளை அந்தப் பள்ளியில் சிறுபான்மை ஆனான் என்று கேட்டால் அங்கே இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

போன மாதம் நண்பர் ஒருவரின் மனைவி என்னிடம் யோசனை கேட்டார். மகளுக்கு ஆறாம் வகுப்புக்கு ஃபீல்ட்ஸ்டனில் விண்ணப்பிக்கலாமா, அண்ணா? உதவித்தொகை கிடைத்தால் பார்க்கலாம் என்று இருக்கிறோம், பெரிய இடத்தில் பிள்ளை ஒடுங்கிப்போய்விடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது என்றார். விண்ணப்பியுங்கள் என்றுதான் சொன்னேன். பட்டறை இருக்கிறது, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நம் பிள்ளைக்கு அது கிடைத்தால் ஏன் விட வேண்டும்? நேர்காணலில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, நீங்களும் சிலது கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். உதவித்தொகை வாங்கும் பிள்ளைக்குப் பேருந்து, சுற்றுலா, இசைக்கருவி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்குமா, இல்லை வகுப்புக் கட்டணத்துக்கு மட்டும்தானா? இடையில் வீட்டு வருமானம் கொஞ்சம் ஏறினால் உதவியை எவ்வளவு குறைப்பீர்கள்? இந்தப் பள்ளியின் சமையலறையிலும் துப்புரவிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் யாராவது இங்கே படிக்கிறார்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து மூன்றையும் எழுதிக்கொண்டார்.